இரண்டு முறை விழுந்தவர்

முழங்கால்கள் சிமெண்டுத் தரையைத் தொடும் ஓசை பெரிய ஓசை அல்ல. ஆனால் பல ஆண்டுகள் கழித்தும் வேதமுத்துவின் காதில் அது இருந்தது. கனத்த உடம்பு ஒன்று மெல்ல இறங்குகிறது. முதலில் ஒரு முழங்கால், பிறகு மற்றது. அதன்பின் உள்ளங்கைகள். அதன்பின் ஒன்றும் இல்லை.

அன்று தேவேந்திரனின் காரியம். அவன் சுங்குவார்சத்திரத்தை அடுத்த ஒரு கொரியத் தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டியவன். இரவு ஷிஃப்டில், மெஷினுக்குள் சிக்கிய தகட்டை எடுக்கக் குனிந்தபோது அதன் மேற்பாகம் அவன்மேல் இறங்கிவிட்டது. உள்ளே கை போனாலே மெஷினை நிறுத்திவிடும் சென்சார் ஒன்று அதில் உண்டு. அன்று அது அணைந்திருந்தது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தேவேந்திரனே அணைத்திருப்பான் என்று சூப்பர்வைசர் ஒருவர் சொன்னார். அந்தப் பேச்சு உடலுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

காரியத்துக்குக் கம்பெனியிலிருந்து குவோன் வந்தார். உற்பத்திப் பிரிவின் தலைவர், கொரியாக்காரர். கறுப்புக் கோட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்றார். பிறகு முழங்காலிட்டு, நெற்றி கைகளின் மேல் படும்படி விழுந்தார். எழுந்தார். மறுபடியும் விழுந்தார்.

இரண்டாம் முறை எழ நேரமாயிற்று.

தேவேந்திரனின் அண்ணன் கன்னியப்பன் பந்தலைப் பார்த்துக் கத்தினான்.

“பாத்தீங்கல்ல எல்லாரும்? மண்ட தரையில பட வுழுந்தான். தப்பு பண்ணாதவன் எதுக்குய்யா வுழணும்?”

குவோனுக்குத் தமிழ் தெரியாது. அவர் தேவேந்திரனின் மனைவி புனிதாவைப் பார்த்து இடுப்பு வரை குனிந்துவிட்டு ஷூவைத் தேடினார்.

புனிதா மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினாள். மொழிபெயர்ப்பாளர் வேதமுத்து.

“சார், அவரு எதுக்கு வுழுந்தாரு?”

வேதமுத்து வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டிருந்த குவோனைத் திரும்பிப் பார்த்தார்.

“எம் புருஷன் அசால்ட்டா இருந்து செத்தான்னு பேசறாங்க. எம் மாமியாவே என் மூஞ்சப் பாத்துச் சொல்லுது. அது நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியணும். வேற ஒண்ணும் வேணாம். அவரு வுழுந்தது மன்னிப்பு கேட்டா?”

“வெள்ளிக்கிழமை கம்பெனில உக்காருறோம் இல்லம்மா? அன்னிக்குச் சொல்றேன்.”

அவள் தலையசைத்தாள். வெளியே வந்ததும் கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி வேதமுத்துவைத் தனியே அழைத்தார்.

“செத்தவங்க முன்னாடி அப்படி விழறது அவங்க ஊர்ப் பழக்கம். அதை ஒரே வரியில சொல்லி முடிச்சிடுங்க சார். பொய்யும் இல்ல பாருங்க.”

தெரு முனையில் கன்னியப்பன் நின்றிருந்தான்.

“மன்னிப்பு கேட்டான்னு ஒரு வார்த்த சொல்லிடு சார். எங்க வீட்டு மானம் உன் வாய்ல இருக்குது.”

வேதமுத்துவுக்கு அது பொய் என்றும் தோன்றவில்லை. இரண்டாம் முறை அந்த முதுகு எழாமல் கிடந்ததை அவர் பார்த்திருந்தார்.

*

வேதமுத்து அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவராக இருந்தவர். அச்சகம் மூடிய பிறகு ஐம்பதை நெருங்கும் வயதில் கொரிய மொழி படிக்க வந்தார். டைல்ஸ் கடை மாடியில் வகுப்பு. ஆசிரியை ஹான் சோயொன். அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவர். கணவர் வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, கணவர் திரும்பிய பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். தமிழைப் புத்தகத்திலிருந்து கற்றவர். அதனால் காய்காரரிடம்கூடச் செய்தி வாசிப்பவரைப் போலத்தான் பேசுவார்.

வேதமுத்து மற்றவர்களைவிட வேகமாகக் கற்றார். வகுப்புக்கு வந்துகொண்டே தொழிற்சாலைகளுக்கு மொழிபெயர்க்கவும் போகத் தொடங்கினார். அவருக்கு ஒரு பித்து உண்டு. ஒன்றுபோல இருக்கும் இரண்டு சொற்களைக் கண்டால் இரண்டையும் உறவாக்காமல் விடமாட்டார்.

“டீச்சரம்மா, நீங்க அப்பாவை அப்பான்னுதான் கூப்பிடுறீங்க. அம்மாவும் கிட்டத்தட்ட அம்மாதான். நாமெல்லாம் ஒரு காலத்துல ஒரே வீட்டு ஆளுங்க.”

“குழந்தைகள் எல்லா ஊரிலும் அதே உதடுகளை வைத்துக்கொண்டுதான் பேசத் தொடங்குகின்றன, வேதமுத்து சார்.”

அந்த மாதம் அவர் பிடித்துக்கொண்டது ‘முத்தா’ என்ற சொல்லை. கொரிய அகராதியில் கேட்பதற்கும் முத்தா, புதைப்பதற்கும் முத்தா. எழுத்தில் ஒரு புள்ளி மாற்றம் இல்லை. வேதமுத்து பலகையில் அதைப் பெரிதாக எழுதி, இரண்டு பக்கமும் கிளை பிரித்தார்.

“கேக்குறதுன்னா என்ன? மனசைத் தோண்டுறது. புதைக்கிறதுக்கும் மொதல்ல தோண்டணும். ஒரே வேர்தான். எவ்வளவு அழகா இருக்கு பாருங்க.”

சோயொன் பலகை துடைப்பானை எடுத்து, கிளைகளை அழித்தார். சொல்லையும் அழித்தார். அவருக்கு வினைச்சொல்லைத் தனியாக நிற்க விடும் வழக்கம் இல்லை. மாணவர் யாராவது வெறும் சொல்லைச் சொன்னால், உடனே இரண்டு கேள்விகள் வரும்.

“யார்? எதை?”

“பொதுவாச் சொல்றேன் டீச்சரம்மா.”

“பொதுவாக யாரும் எதையும் புதைப்பதில்லை.”

வகுப்பு சிரித்தது. சோயொன் இரண்டு வாக்கியங்களை எழுதினார். பிள்ளை தாயிடம் வழி கேட்கிறது. தாய் பானையை மண்ணில் புதைக்கிறாள். கேட்டபோது சொல்லின் நடுவில் இருந்த வல்லோசை கரைந்து ‘முரொயோ’ ஆயிற்று. புதைத்தபோது அது கரையாமல் ‘முதொயோ’ என்றே நின்றது.

“என் பாட்டி காலத்தவர்கள் பேச்சில் வேறொன்றும் கேட்கும்,” என்றார் சோயொன். “கேட்பதைச் சொல்லும்போது உகரத்தைச் சற்று நீட்டுவார்கள். புதைப்பதைச் சட்டென்று முடித்துவிடுவார்கள். அவை என்றைக்கும் இரண்டு சொற்கள்தான்.”

“சரி, அப்ப ஏறுறதும் எரியுறதும்? ரெண்டும் ஒரே சொல். அது எப்படி வளைச்சாலும் பிரியலையே? பஸ்ல ஏறுனாலும் பஸ் எரிஞ்சாலும் ஒரே மாதிரிதானே வருது?”

பின் பெஞ்சிலிருந்து ஷைலஜா சொன்னாள். அவள் பெட்டிகள் அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவள். வகுப்பில் யாரையும் விடமாட்டாள்.

“சார், எங்க தெருவுல ரெண்டு குமரேசன் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் மீசகூட ஒரே மாதிரி. ஆனா அம்மா வேற வேற சார்.”

“நீ சும்மா இரும்மா.”

“ஒருத்தன் வாங்கின அடி இன்னொருத்தனுக்கு வலிக்கலையாம் சார். நான் விசாரிச்சேன்.”

சோயொனும் சிரித்தார்.

இது காரியத்துக்கு முந்தைய வாரம்.

*

வியாழக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு வேதமுத்து உட்கார்ந்தே இருந்தார். கீழே டைல்ஸ் கடையில் கல்லறுக்கும் சத்தம் நின்றிருந்தது.

“போகவில்லையா?”

வேதமுத்து காரிய வீட்டில் குவோன் விழுந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

“டீச்சரம்மா, உங்க ஊர்ல செத்தவங்க முன்னாடி விழறதும், தப்பு பண்ணிட்டு மன்னிப்பு கேட்டு விழறதும் ஒண்ணா, வேற வேறயா?”

“வேறு வேறு.”

“பாத்தா எப்படித் தெரியும்?”

 சோயொன் முன் பெஞ்சைச் சுவரோரம் தள்ளினார். வேதமுத்து எழுந்து மறுமுனையைப் பிடித்தார். தரையில் ஒரு ஆள் விழும் அளவு இடம் கிடைத்தது.

சோயொன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெற்றிக்கு உயர்த்தி, மெல்ல இறங்கி, குனிந்து எழுந்தார். சிறிது நேரம் நின்றார். மறுபடியும் அதேபோலக் கைகளை உயர்த்தினார், இறங்கினார், எழுந்தார்.

“ஒன்று, இறந்துபோன என் மாமனாருக்கு. ஒன்று, நான் தவறு செய்த ஒருவருக்கு. எது எது?”

வேதமுத்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“இன்னொரு தடவை செய்ங்க.”

சோயொன் செய்தார். வேதமுத்து விரல்களைப் பார்த்தார். முதுகு வளைவதைப் பார்த்தார். பிழை திருத்துபவரின் கண் அது. ஒரு எழுத்து தலைகீழாக இருந்தால் பக்கத்தின் மறுகோடியிலிருந்தே கண்டுவிடும்.

“ரெண்டாவதுல கொஞ்சம் தாமதமா எழுந்தீங்க. அதான் மன்னிப்பு.”

“எனக்கு முட்டி வலி.”

சோயொன் பெஞ்சின் மேல் உட்கார்ந்தார்.

“தெரியல டீச்சரம்மா. நீங்களே சொல்லுங்க. எது எது?”

“இப்போதுதான் கேட்கிறீர்கள்.”

வேதமுத்து நிமிர்ந்தார்.

சோயொன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “முதலாவது மன்னிப்பு. அம்மாவுக்கு. நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. நான் தாமதமாகத்தான் கிளம்பினேன். விமானம் கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்.”

 வேதமுத்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார்.

“ஆனா குவோன் சாரை நான் கேக்க முடியாதே,” என்றார் வேதமுத்து. “மொழிபெயர்க்கிறவன் தன் கேள்வியைக் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. பேசுறவர் ‘நான்’னு சொன்னா நாமளும் ‘நான்’னே சொல்லணும், அவ்வளவுதான் வேலைன்னீங்க.”

“ஆமாம்.”

“அப்ப நான் எப்படிக் கேப்பேன்?”

“கேள்வி உங்களுடையதா?”

வேதமுத்து பெஞ்சை இழுத்துப் பழைய இடத்தில் போட்டார். படியிறங்கும்போது விளக்கை அணைக்க மறந்துவிட்டார்.

*

வெள்ளிக்கிழமை கம்பெனியின் மீட்டிங் அறையில் ஏ.சி. மிகவும் குளிர்ந்தது. புனிதா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பக்கத்தில் கன்னியப்பன். எதிரே எச்.ஆர். அதிகாரி, அவரருகில் குவோன். காகிதக் கப்பில் வந்த டீயை யாரும் தொடவில்லை.

எச்.ஆர். அதிகாரி அனுதாபம் தெரிவித்தார். பிறகு வேதமுத்துவைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“அன்னிக்கு சார் வீட்டுல வணங்கினது பத்தி அம்மாவுக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. அது அவங்க நாட்டு மரபு. வேதமுத்து சார் விளக்குவாரு.”

கன்னியப்பன் தொண்டையைச் செருமினான்.

வேதமுத்து புனிதாவைப் பார்த்தார்.

“அம்மா, அத எங்கிட்ட கேக்காதீங்க. எனக்குத் தெரியாது. இதோ இருக்காரு, அவர்கிட்ட கேளுங்க. நீங்க கேக்குறத அப்படியே சொல்றேன். அவர் சொல்றத அப்படியே சொல்றேன்.”

“சார்…” என்றார் எச்.ஆர். அதிகாரி.

புனிதா குவோன் பக்கம் திரும்பினாள். அதுவரை அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்ததில்லை.

“நீங்க எங்க வீட்டுல எதுக்கு வுழுந்தீங்க? எம் புருஷனா அந்த சென்சார ஆஃப் பண்ணாரு?”

வேதமுத்து அதைக் கொரிய மொழியில் சொன்னார். கொரியத் தொழிற்சாலையில் பெரிய அதிகாரியை அப்படிக் கேட்பதில்லை. சுற்றி வளைக்கப் பணிவான சொற்கள் எத்தனையோ உண்டு. புனிதா எதையும் சுற்றவில்லை என்பதால் அவரும் சுற்றவில்லை. மரியாதை விகுதியை மட்டும் வைத்தார்.

குவோன் டீக்கப்பைச் சற்று நகர்த்தினார். சொல்லத் தொடங்கியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். வேதமுத்து சொல்லி முடித்ததும் அடுத்தது.

“எங்கள் வழக்கப்படி இறந்தவர் முன்னால் இரண்டு முறை விழ வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.”

எச்.ஆர். அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். கன்னியப்பன் பல்லைக் கடித்தான்.

“முதல் முறை விழுந்தது அந்த வழக்கத்துக்காக.”

குவோன் நிறுத்தினார். அடுத்து அவர் பேசியது நீளமாக இருந்தது. இடையில் நிறுத்தவும் இல்லை. அது முடியும்போது வேதமுத்துவின் கைகள் மேசைக்கு அடியில் போயிருந்தன.

எச்.ஆர். அதிகாரிக்குக் கொரிய மொழி தெரியாது. ஆனால் முகம் படிக்கத் தெரியும். வேதமுத்துவின் முழங்கையைத் தொட்டார்.

“சார், ஒரு நிமிஷம் வெளிய வாங்க. பேசிட்டு அப்புறம் சொல்லலாம்.”

குவோன் வேதமுத்துவையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

வேதமுத்து சொன்னார்.

“ரெண்டாவது முறையும் அதுக்காகத்தான் இறங்கினேன். நெத்தி கையில பட்டதும் எழுந்திருக்க முடியல. அந்த சென்சார் முந்தின ஷிஃப்ட்லயே பழுதாயிடுச்சு. எனக்குச் சொன்னாங்க. லாரி நிக்குது, லோடு போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு நான் சொன்னேன். ஆஃப் பண்ணி ஓட்டச் சொன்னது நான். உங்க புருஷன் அதத் தொடல. அவருக்கு அது தெரியவே தெரியாது. நான்தான்.”

கன்னியப்பன் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. அவன் கை வேதமுத்துவின் சட்டைக் காலரைப் பிடித்தது.

“நீயாடா? நீயாடா சொன்ன?”

“மாமா, அவர வுடு,” என்றாள் புனிதா. “அவரு வாய் மட்டும்தான்.”

கன்னியப்பன் தன் கையைப் பார்த்தான். விட்டான். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழுந்த நாற்காலியை நிமிர்த்தினான். குவோன் எழுந்து நின்றிருந்தார். அவரை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவருக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும் என்று வேதமுத்துவுக்குத் தோன்றியது. அதை அவர் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

புனிதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சார், இத எம் மாமியாகிட்ட வந்து ஒரு தடவ சொல்லச் சொல்லு.”

வேதமுத்து சொன்னார். குவோன் தலையசைத்தார்.

அன்று மாலையே குவோன் அந்த வீட்டுக்குப் போனார். தேவேந்திரனின் தாய்க்குக் காது மந்தம். வேதமுத்து எல்லாவற்றையும் இரண்டாம் முறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. தெருவே கேட்டது.  அவர்கள் போன பிறகு கிழவி மருமகளுக்குச் சோறு போட்டு, எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைத்தாள்.

*

அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி வேதமுத்துவைக் கூப்பிடவில்லை. மற்ற கம்பெனிகளும் கூப்பிடவில்லை. கையில் ஏராளமாகப் பொழுது இருந்தது. வகுப்புக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்.

“சார், இப்ப ஃப்ரீதானே? எனக்குப் பரீட்சைக்குச் சொல்லிக் கொடுங்க,” என்றாள் ஷைலஜா.

“ஃபீஸ் உண்டு.”

“டீ வாங்கித் தரேன்.”

“வடையும்.”

“சரி, வடையும். ஆனா ‘ஒரே வேரு’ன்னு ஆரம்பிச்சீங்கன்னா வடை கட்.”

அவள் போன பிறகு, பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த சோயொனிடம் வேதமுத்து கேட்டார்.

“ஒண்ணு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு டீச்சரம்மா. அவர் அன்னிக்கு அந்த ரெண்டாவது பேச்சப் பேசாமலே இருந்திருக்கலாம். ‘வழக்கம்தான், ரெண்டு முறையும் வழக்கம்தான்’னு சொல்லிட்டு உக்காந்திருக்கலாம். அவர் முதுகு எழாம கெடந்தத நான் பாத்திருக்கேன். எனக்கு உள்ளுக்குள்ள தெரியும். அந்தப் பொண்ணு என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கு. அப்ப நான் என்ன சொல்லியிருக்கணும்?”

சோயொன் துடைப்பானைத் தட்டினார். வெள்ளைத் தூள் ஜன்னல் வழியே வெளியே போயிற்று.

“‘வழக்கம்தான், நான் வழக்கத்துக்காகத்தான் விழுந்தேன்’ என்று சொல்லியிருப்பீர்கள். அதற்கும் அவர்கள் உங்கள் காலரைத்தான் பிடித்திருப்பார்கள்.”

வேதமுத்து சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தார்.

குவோன் அந்த ஆண்டே வேலையிலிருந்து நீக்கப்பட்டார். விசாரணை முடியும்வரை இங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பினார். இப்போது கொரியாவின் தென்கடலோரத்தில் ஒரு சிறிய துறைமுக ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார்.